போர்ட் பிளேர்: பதுங்கு குழிகளும் ஒரு வீட்டின் நினைவுகளும்

அந்தமானுக்குச் செல்லும் பெரும்பாலோர் ஆங்கிலேயர் கட்டிய செல்லுலார் சிறையைப் பார்த்துக் கண்கலங்கித் திரும்புகிறார்கள். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் இங்கே இறங்கியதும், 1945 அக்டோபர் வரை தீவு மக்கள் அவர்கள் பிடியில் கிடந்ததும் அதிகம் பேசப்படுவதில்லை.

கார்பின்ஸ் கோவ் சாலையோரம் அக்காலத்துப் பதுங்கு குழிகள் இன்றும் இருக்கின்றன. நான் குனிந்து நுழைந்த ஒன்றில், கனத்த கான்கிரீட் சுவரை உப்புக்காற்று அரித்து, துருவேறிய கம்பிகள் வெளியே தெரிந்தன. துப்பாக்கி நீட்டுவதற்காக விடப்பட்ட குறுகிய பிளவின் வழியே கடல் மட்டுமே தெரிந்தது. அங்கே நின்று படமெடுப்பவர்களுக்கு, தீவு மக்கள் பட்ட பாட்டைச் சுவர் சொல்லாது.

அதை நான் தங்கியிருந்த வீட்டில்தான் கேட்டேன். வீட்டுக்காரரின் தாயார் அப்போது சிறுமி. மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தின்றதையும், துணி கிடைக்காமல் சாக்கைத் தைத்து உடுத்தியதையும், காவல் நின்ற சிப்பாய்க்கு இடுப்பு வளைய வணங்க மறந்த அண்ணன் கன்னத்தில் அறை வாங்கியதையும், லம்பாலைன் விமான ஓடுதளத்துக்கு மண் சுமக்கத் தந்தையை இழுத்துச் சென்றதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்.

1943 டிசம்பர் 30 அன்று ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி கொடியேற்றியது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அதே நாட்களில், மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் உள்ளிட்ட பலர், ஆங்கிலேயரின் ஒற்றர்கள் என்று ஜப்பானியரால் குற்றஞ்சாட்டப்பட்டுச் செல்லுலார் சிறைக்குள் வதைபட்டுக்கொண்டிருந்தனர். திவான் சிங் 1944 ஜனவரி 14 அன்று அங்கேயே உயிர்விட்டார். ஜனவரி 30 அன்று 44 பேர் ஹம்ப்ரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொடியேற்றத்தைச் சொல்லும் வழிகாட்டிகள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

உணவு அடியோடு தீர்ந்துபோன 1945இல், பயிரிட நிலம் தருவதாகச் சொல்லி நூற்றுக்கணக்கானோரைக் கப்பலேற்றி, ஹேவ்லாக் தீவருகே நடுக்கடலில் தள்ளினார்கள். கரையேறியவர்களிலும் பெரும்பாலோர் பட்டினியால் மாண்டனர். அம்மையாரின் சித்தப்பா மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு அந்தக் கப்பலில் போனவர். இப்போது அம்மையாரின் பேரன் ஹேவ்லாக்கில் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறார். எத்தனை முறை அழைத்தும் அம்மையார் அங்கே போக மறுத்துவருகிறார்.