ஆத்தாவின் மறதியும் சர்க்கரை மாத்திரையும்

சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கு மறதி வந்தால், டாக்டரிடம் போகும்போது அவர் விழுங்கும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எங்கள் ஆத்தா (அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) விஷயத்தில் பாதி விடை அந்தப் பைக்குள்தான் இருந்தது.

ஆத்தாவுக்கு 76 வயது. செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டில் ஆச்சியோடு, அதாவது என் அக்காவோடு, இருக்கிறார். சர்க்கரை வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. நகரத்தார் வீடுகளில் நடக்கும் பிள்ளையார் நோன்புக்குப் புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 இழை எடுப்பதில் எங்கள் வளவில் (பங்காளி வீடுகளில்) அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு வருடம் அந்தக் கணக்கு பிசகியது. காலையில் எடுத்ததை மறந்து மாலையில் இன்னொன்று எடுத்தார். ஆச்சி கவனித்துவிட்டார். பக்கத்தில் காட்டிய டாக்டர், 'வயதுதானே' என்று அனுப்பிவிட்டார்.

இழையை இரண்டு முறை எடுப்பவர் மாத்திரையையும் இரண்டு முறை போடுவார் என்பது மதுரையில் நரம்பியல் மருத்துவர் பையைக் கொட்டிப் பார்க்கும்வரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அட்டையில் காலியான குழிகளையும் வாங்கிய தேதியையும் ஒப்பிட்டார், கணக்கு உதைத்தது. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இரட்டிப்பாகப் போனால் சர்க்கரை தடாலென்று இறங்கும். விடியற்காலையில் வேர்த்து வழிய எழுந்து, என்றோ காலமான அப்பச்சி (எங்கள் அப்பா) பினாங்கிலிருந்து வருகிறார், முகப்பு விளக்கைப் போடு என்று ஆத்தா சொன்னதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அடுத்த முறை அப்படி நடந்தபோது ஆச்சி குளுக்கோமீட்டரில் பார்த்தார்: 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கவைத்த கால்மணி நேரத்தில், 'ஏன் எல்லாரும் சுற்றி நிற்கிறீர்கள்?' என்று ஆத்தா அதட்டினார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. நினைவுப் பரிசோதனையில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். வட்டிக் கணக்கில் வளர்ந்த மனுஷி. டாக்டர் சரிபார்ப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார். ஆனால் ஐந்து நிமிடம் கழித்து, முதலில் சொன்ன மூன்று சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. புதிதாகக் கேட்டது தங்காமல் போவதுதான் அல்சைமர் என்ற மறதிநோயின் தொடக்க அடையாளம் என்றார் டாக்டர். தைராய்டு சரியாக இருந்தது. வைட்டமின் பி12 குறைந்திருந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு அது குறைவதும், அதனாலேயே மறதி வருவதும் உண்டு. ஊசி போட்டுச் சில மாதம் பார்த்தோம். சோர்வு போயிற்று, மறதி போகவில்லை. எம்.ஆர்.ஐ.யில் நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சுருங்கியிருந்தது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்ட தடங்களும் தெரிந்தன. அல்சைமரும் ரத்தக் குழாய் பாதிப்பும் கலந்த வகை என்றார்கள்.

'சர்க்கரையால்தான் வந்ததா?' என்று கேட்டேன். டாக்டர் ஒற்றை வரியில் ஆமாம் என்று சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ரத்தக் குழாய் சார்ந்த மறதிநோய்க்கு அதைவிட அதிகம். இன்சுலினைச் சிதைக்கும் அதே நொதிதான் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தையும் சிதைக்கிறது. இன்சுலின் மிகுந்தால் நொதி அதிலேயே மும்முரமாகி அமிலாய்டு தேங்கலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதலாகத் தெரிந்தது பெரும்பாலும் ரத்தக் குழாய்ச் சேதம்தானாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'மூன்றாம் வகைச் சர்க்கரை நோய்' என்பது 2005-இல் அமெரிக்க ஆய்வாளர் சுசான் டி லா மான்டே முன்வைத்த பெயர். எந்த டாக்டரும் சீட்டில் எழுதும் நோய் அல்ல. அதற்குக் கஷாயம் சொல்லி வந்த சொந்தக்காரர்களைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

கிளிமிபிரைடை நிறுத்தி, தாழ்சர்க்கரை அபாயம் குறைந்த லினாகிளிப்டின் கொடுத்தார்கள். இ.சி.ஜி. எடுத்துவிட்டு மறதிக்கான டொனெபெசில் மாத்திரையை 5 மில்லிகிராமில் தொடங்கினார்கள். நாடித்துடிப்பை அது மெதுவாக்கக்கூடும் என்பதால். குமட்டலும் பசியின்மையும் அதன் பக்கவிளைவுகள். முதல் வாரங்களில் இட்லியைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவார். பழைய மாத்திரையோடு இப்படிச் சாப்பிடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று ஆச்சி இன்றும் சொல்வார். சாப்பிட்டபின் இரவில் கொடுக்கத் தொடங்கியதும் சமாளிக்க முடிந்தது. மாத்திரைப் பெட்டி இப்போது இரண்டாங்கட்டு அலமாரியில், சாவி ஆச்சி இடுப்பில். சாவிக்கொத்து கைமாறியதில் ஆத்தாவுக்கு இன்னும் கோபம்.

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) முன்பு 6.4 சதவீதம் இருந்தது, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த வயதுக்கும் நோய்க்கும் எட்டு வரை இருக்கலாம் என்று இலக்கைத் தளர்த்திவிட்டார் டாக்டர். போன முறை 7.6. வீட்டுக்கு வருகிற சித்தப்பாக்களெல்லாம் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறுகிறார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை நகலெடுத்து முகப்பில் வைத்திருக்கிறேன். கேட்பவர்களிடம் அதை நீட்டிவிடுகிறேன்.