கூன் முதுகு ஈ: குமுளிக் குறிப்புகள்

ஜூன் 9
ஏலக்காட்டில் பிடித்த ஓநாய்ச் சிலந்தி, தரையில் ஓடி இரை பிடிக்கும் வகை, வலை பின்னாது. அது நேற்றிரவு பாட்டிலின் மூலையில் மெல்லிய படலம் ஒன்றை நெய்து, அதன்மேல் அசையாமல் கிடக்கிறது. கரப்பான் குஞ்சை விட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 10
சிலந்தி செத்துவிட்டது. வயிறு வெறும் தோலாகச் சுருங்கியிருக்க, பக்கத்தில் வெண்ணிறப் புழு ஒன்று படலத்தைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது. சிலந்தியைத் தின்னும் குளவிப் புழுக்கள் பெரும்பாலும் வெளியே ஒட்டிக்கொண்டுதான் உறிஞ்சும். இதுவோ உள்ளேயிருந்து வயிற்றைக் கிழித்து வந்திருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 12
புழு கூட்டுப்புழுவாகிவிட்டது. வீட்டு ஈயாக இருந்தால் பழுப்பு நிறப் பீப்பாய் போன்ற ஓட்டுக்குள் மறைந்திருக்கும். இதற்கு அந்த ஓடு இல்லை. கூன் விழுந்த முதுகும் அதன் கீழே ஒடுங்கிய தலையும் வெளியிலேயே தெரிகின்றன.

ஜூன் 13
ஓயாத மழை. கரண்ட் இல்லை.

ஜூன் 15
இது சிலந்திக்குள் வளரும் கூன் முதுகு ஈக்களின் குடும்பமான அக்ரோசெரிடே என்றே நினைக்கிறேன். 1920இல் பூச்சியியலாளர் புரூனெட்டி பிரிட்டிஷ் இந்தியாவின் ஈக்களைத் தொகுத்தபோது சிர்டிடே என்ற பழைய பெயரை வைத்திருந்தார்; ஆகவே இரண்டு பெயரிலும் தேட வேண்டியிருக்கிறது. முட்டையிலிருந்து வரும் கடுகிலும் சிறிய புழு, தரையில் ஊர்ந்தும் துள்ளியும் காத்திருந்து, கடந்து போகும் சிலந்தியின் காலில் ஏறி உடலுக்குள் நுழைகிறது. பின், ஏடுகள் அடுக்கியது போன்ற சிலந்தியின் மூச்சுறுப்பான புத்தக நுரையீரலை அடைந்து தன் பின்முனை மூச்சுத்துளையை அங்கே பொருத்திக்கொண்டு, சிலந்தி இழுக்கும் காற்றிலேயே, சில இனங்களில் ஆண்டுக்கணக்காகக்கூட, வாழ்கிறது. இத்தனையும் கடந்து வந்த உயிர் இந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துச் செத்தால் பெயர் சொல்ல எதுவும் மிஞ்சாது. மூடியின் துளைகளைப் பெரிதாக்கினேன். பிறகு, காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஈரப் பஞ்சு வைத்தேன். இரவு எழுந்து பஞ்சை எடுத்தேன்.

ஜூன் 19
வந்துவிட்டது!

ஜூன் 20
லென்சில் பார்த்தேன். தலை மிகச் சிறியது, அதிலும் முழுக்கக் கண்கள். உப்பிய வயிற்றில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள். இறக்கையடியில் இருக்கும் செதில் பெரிதாகி, பறக்கையில் நிலைதடுமாறாமல் காக்கும் சமநிலைக் காம்பை முழுவதும் மூடியிருக்கிறது. வாயுறுப்பு இருப்பதாகவே தெரியவில்லை. இறக்கை நரம்புகளும் மங்கல். இவையெல்லாம் இக்குடும்பத்தின் ஒக்கோடஸ் பேரினத்தைக் காட்டுகின்றன. மாலையில் இறந்தது. 70 விழுக்காடு ஆல்கஹாலில் போட்டு, படங்களைப் பூச்சியியல் பேராசிரியருக்கு அனுப்பினேன்.

ஜூன் 23
பேராசிரியர் பதில் எழுதியிருக்கிறார். பேரினம் சரியாம். சிற்றினத்தைச் சொல்ல முடியாதாம், ஏனென்றால் நான் வளர்த்தது பெண். 1960இல் பூச்சியியலாளர் ஸ்லிங்கர் இப்பேரினத்தின் வகைப்பாட்டைத் திருத்தி எழுதினார்; அந்த வகைப்பாட்டை வைத்து உறுதி செய்ய ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார். பல ஈக்களில் ஆணுக்குத்தான் இரு கண்களும் ஒட்டியிருக்கும்; அதைக் கொண்டு இதை ஆண் என்று எண்ணியிருந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் இக்குடும்பத்தில் பெண்ணுக்கும் கண்கள் ஒட்டியிருப்பதுண்டு என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 24
தங்கை மகன் கம்பத்திலிருந்து வந்தான். "மாமா, இந்தியாவிலேயே முதல் ஈன்னு பேப்பர்ல போட்டுரலாமா?" என்றான். கூடாது என்றேன். இந்நாட்டுக்குப் புதிது என்று சொல்ல முதலில் அது இன்னதென்று தெரிய வேண்டும்; தெரிந்த பிறகும், இங்கே யாரும் தேடாததால் பதிவாகாமல் போயிருக்கலாம். முகம் சுருங்கிப் போனான். அவன் எடுத்த படங்கள் என்னுடையவற்றைவிடத் தெளிவு.

ஜூன் 28
ஆண் ஈ ஒன்றாவது கிடைக்காதா என்று, இன்னும் சிலந்திகள் பிடிக்க டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு ஏலக்காட்டுக்குள் போனோம். வெளிச்சம் பட்டதும் சருகுகளுக்கிடையே சிலந்திக் கண்கள் பச்சையாக மின்னும். குனிந்து டப்பாவைக் கவிழ்க்க வேண்டியதுதான். கால் முழுக்க அட்டை. வியாழனன்று மருந்து அடிக்கப் போவதாகத் தோட்டக்காரர் சொன்னார். இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள் அண்ணே என்று கேட்டுப் பார்த்தேன், ஏலக்காயைக் கெடுக்கும் பேனை யார் பார்ப்பது என்றார். அவர் கவலை அவருக்கு.

ஜூலை 1
பாட்டில்கள் கட்டிலுக்கடியில் வரை வந்துவிட்டன. எதுவும் படலம் நெய்யவில்லை.

ஜூலை 2
மருந்து அடித்துவிட்டார்கள். கீழ்ச்சரிவை நாளைக்குத்தான் தொடுவார்களாம். இன்றிரவே போக வேண்டும்.