ட்ரிப் நோட்டின் கடைசிப் பக்கம்

3.8.2025, ஞாயிறு, சங்ககிரி

ஆடிப்பெருக்கு. காலையில் குடும்பத்தோடு பவானி கூடுதுறை போய் முழுகிவிட்டு வந்தோம். மதியம் ட்ரிப் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். டீசல், டோல், படி, பஞ்சர், டீ எல்லாம் எழுதி வைப்பது லாரி ஓட்டும் எனக்குப் பதினேழு வருசப் பழக்கம். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வண்டி போன இடமெல்லாம் எழுதறீங்க. நீங்க எங்க போகோணும்னு எழுதவே இல்லீங்களே?" என்றாள்.

நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் மூன்று லட்சியம் எழுதினேன். சொந்த வண்டி. ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஸ்டீயரிங்கைத் தொடாமல் இருப்பது. சர்க்கரையைக் குறைப்பது (போன மாதம் வெறும் வயிற்றில் 168).

முதலாவது நான் யோசித்து எழுதியதே இல்லை. எங்கள் ஊரில் இரண்டு ட்ரிப் கிளீனராகப் போனவனும் அதைத்தான் சொல்வான்.

12.8.2025, செவ்வாய், ஹூப்ளி தாண்டி

சேலத்திலிருந்து புனேவுக்கு ஜவ்வரிசி. நவராத்திரி வருகிறது, அங்கே விரதத்துக்கு ஜவ்வரிசிதான் சாப்பாடு, அதனால் இந்த மாதம் லோடுக்குப் பஞ்சமில்லை. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். சரக்கோடு கொண்டுபோகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லுக்கு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கில் ஆறு நாள் உயிர் உண்டு. ஆபீஸில் சொன்னதோ, "மூணாம் நாள் காலைல இறக்கிரோணும்."

பில்லுக்கு இருக்கும் பொறுமை ஆபீஸுக்கு இல்லை. நேற்று ராத்திரி மூன்று மணிக்கு ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது லட்சியம் ஒன்பது நாளில் போச்சு.

டீக்கடையில் ஒரு பெரியவர், மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே சட்டம் போட்டாச்சு என்றார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

19.8.2025, செவ்வாய், தொப்பூர்

ரிட்டர்ன் லோடு வெங்காயம். தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம். முன்னால் போன வண்டி நியூட்ரலில் இறங்கியது. சத்தத்திலேயே தெரிந்துவிடும், இன்ஜின் முனகாது, டயர் ஓடுவது மட்டும் கேட்கும். மிஞ்சுவது ஒரு லிட்டரோ இரண்டு லிட்டரோ டீசல். மொத்த பாரமும் பிரேக் மேல் விழுந்து, சூடேறி, கீழே வளைவில் மிதித்தால் பிரேக் பிடிக்காது. இங்கே நடந்த விபத்துகளில் பாதிக் கதை இதுதான் என்பேன்.

நானும் ஒரு காலத்தில் நியூட்ரல் போட்டவன்தான். மைலேஜ் காட்டினால் ஓனர் மெச்சுவார், நூறு இருநூறு சேர்த்துக் கொடுப்பார். இன்றைக்கு மூன்றாம் கியரில் உருட்டிக்கொண்டே இறக்கினேன். பின்னால் வந்தவன் ஹாரனிலேயே திட்டினான். இதையும் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன், நான்காவதாக. இது என் கையில், இல்லை காலில் இருக்கிற விசயம்.

6.9.2025, சனி, வீடு

மச்சான் போன் பண்ணினான். லாரிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிறதாம், 22-ம் தேதி முதல். "மாமா, இப்ப விட்டா அப்புறம் எப்ப வாங்குவீங்க?" என்கிறான். வரி குறைந்தாலும் புது வண்டி எனக்கு எட்டாது. ஒன்பது வருச வண்டி ஒன்று 22 லட்சத்துக்கு விலைக்கு இருக்கிறது.

சாயங்காலம் முழுக்க அதே கணக்குதான். கையில் 5 லட்சம். மீதி 17-க்கு மாசம் 48,000 டியூ, நாலு வருசம். பன்னிரண்டு டயர், ஒன்று இருபதாயிரத்துக்கு மேல். எட்டு வருசம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதிச் சான்று) வருசா வருசம். இன்சூரன்ஸ் தனி. இத்தனையும் போக, ஒரு மாசம் லோடு படுத்தால்? பக்கத்து வீதிக்காரர் மூன்று வண்டி வைத்திருந்தார். இப்போது அதில் ஒன்றை இன்னொருவருக்கு ஓட்டுகிறார். நல்ல டிரைவர், கணக்கிலும் கெட்டி. மூன்று டியூ தவறியது, அவ்வளவுதான்.

முதலாவதை அடித்தேன். மனசு கனத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்காரியிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் தோசை ஊற்றினாள். அதுவும் மூன்றோடு நிறுத்திவிட்டாள், சர்க்கரை அவள் பொறுப்பில் போய்விட்டது.

14.9.2025, ஞாயிறு, நாமக்கல்

ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு வரும்போது பழைய கூட்டாளியைப் பார்த்தேன். கேஸ் டேங்கர் ஓட்டுகிறான், மங்களூர் லைன். தார்ப்பாய் கட்ட வேண்டாம், லோடுமேனோடு மல்லுக்கட்ட வேண்டாம், ரிட்டர்ன் லோடு தேடி நாலு நாள் படுத்துக் கிடக்க வேண்டாம் என்றான். பிளாண்ட் வாசலில் வரிசையில் காத்துக் கிடப்பது மட்டும் உண்டாம். கேஸ் விரிய இடம் விட்டுத்தான் நிரப்புவார்கள், அதனால் வளைவில் சரக்கு உள்ளுக்குள் அலையடிக்கும், வேகமாகப் போனால் வண்டியையே சாய்க்கும். "நிதானமா ஓட்டறவனுக்குத்தான்டா இது" என்றான். தொப்பூர் ஞாபகம் வந்தது.

அபாயகரமான சரக்கு ஓட்ட லைசென்ஸில் தனியாக ஏற்ற வேண்டும். மூன்று நாள் பயிற்சி. மூன்று வருசம் செல்லும், புதுப்பிக்க மறுபடி ஒரு நாள் வகுப்பு. இதெல்லாம் சரி. ஆனால் தமிழோடு இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று ரூல் இருக்கிறது. நான் ஏழாவதோடு நின்றவன். போர்டு பார்த்து ஊர்ப் பெயர் கண்டுபிடிப்பேன், அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னதும் ஒன்பதாவது படிக்கிற மகள் பேனாவோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

1.10.2025, புதன், சங்ககிரி

ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, பட்டை போட்டு, பூசணிக்காய் உடைத்து, நாலு எலுமிச்சம்பழத்தை ஏற்றி நகர்த்தினோம். இன்று முதல் தயாராகும் லாரியில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று கிளீனர் பையன் செய்தி வாசித்தான். எங்கள் வண்டிக்கு ஜன்னல்தான் ஏசி. சர்க்கரை 149. பயிற்சிக்கு அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறேன், ஓனர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

பூஜை முடிந்து பாடம். டேங்கர் பின்னால் இருக்கிறதையெல்லாம் மகள் எழுதிக் காட்டினாள். 1075 என்றால் சமையல் கேஸ், அது நம்பர், உடனே பிடித்துக்கொண்டேன். 'இன்ஃபிளேமபிள்' என்பதில்தான் சண்டை. "இன்" போட்டால் "இல்லை"ன்னு அர்த்தம் என்று போன வாரம் அவள்தானே சொல்லிக் கொடுத்தாள்? அப்போது இது தீப்பிடிக்காததுதானே?

"இல்லீங்கப்பா. ஃபிளேமபிள்னாலும் தீப்பிடிக்கும், இன்ஃபிளேமபிள்னாலும் தீப்பிடிக்கும்."

"ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு சாமி ரெண்டு வார்த்தை?"

அவளுக்கும் தெரியவில்லை. பத்துத் தரம் எழுதச் சொல்லிவிட்டுப் பொரிகடலை தின்னப் போய்விட்டாள். ஆறு எழுதியிருக்கிறேன்.