க்ரூகரில் நாமே கார் ஓட்டி சஃபாரி: நேரக் கணக்குதான் எல்லாம்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குத் திட்டம் போடும்போது நடக்கும் முதல் தப்பு, வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போடுவது. பூங்காவுக்குள் நாம் தங்கும் இடங்களை முகாம் என்பார்கள். லோயர் சாபி முகாமிலிருந்து சட்டாரா முகாம் ஏறத்தாழ 93 கிலோமீட்டர். தார்ச்சாலையில் வேக வரம்பு 50, மண்சாலையில் 40. இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். யானைக் கூட்டம் சாலையைக் கடக்கும். வளைவில் நாலு கார் நின்றால் நாமும் நிற்போம். ஒட்டகச்சிவிங்கி நடுரோட்டில் நின்றுகொண்டு நகரவே நகராது. கூட்டிக் கழித்தால் சராசரி மணிக்கு 20 கிலோமீட்டர்தான்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், மாலையில் முகாம் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மே முதல் ஜூலை வரை 5:30 மணிக்கு, நவம்பர் முதல் பிப்ரவரி வரை 6:30 மணிக்கு. இடைப்பட்ட மாதங்களில் 6 மணி. தாமதமாக வந்து நின்றால் அபராதம். அந்த அவசரத்தில்தான் கடைசி 15 கிலோமீட்டரை 70-ல் ஓட்டி, வேகத்துக்கும் சேர்த்து அபராதம் கட்டுகிறார்கள். உள்ளே ரேடார் வைத்துப் பிடிப்பது வழக்கம்.

பூங்கா தெற்கு வடக்காக ஏறத்தாழ 360 கிலோமீட்டர் நீளம், பரப்பு 20,000 சதுர கிலோமீட்டரை ஒட்டி. முதல் தடவை போகிறவர்கள் முழுவதையும் பார்க்க ஆசைப்பட வேண்டாம். ஆறு இரவு இருந்தால் தெற்கும் நடுவும் போதும்: லோயர் சாபியில் 2, சட்டாராவில் 2, ஸ்குகூசாவில் 2. ஒரு முகாமில் ஒரே இரவு என்று போட்டால், காலையில் மூட்டை கட்டுவதிலேயே நல்ல நேரம் போய்விடும். விலங்கு பார்க்க உகந்தது விடிந்து முதல் மூன்று மணி நேரம். அந்நேரத்தில் பெட்டியை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

முகாம் அறைகளை, தேசியப் பூங்காக்களை நடத்தும் சான்பார்க்ஸ் அமைப்பின் இணையதளத்தில் 11 மாதம் முன்னாலேயே பதிவு செய்யலாம். தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறை நாட்களில் ஆற்றைப் பார்த்த அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அறை வாடகை தனி, ஒரு நாளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் வனப் பாதுகாப்புக் கட்டணம் தனி. வெளிநாட்டவருக்கு அது உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு, ஆண்டுதோறும் ஏறும். ஐந்தாறு நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால் இந்தக் கட்டணத்துக்குப் பதிலாகச் செல்லும் வைல்ட் கார்டு என்ற ஆண்டு அட்டையின் விலையையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தம்பதியருக்குப் பல சமயம் அட்டையே லாபம்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு விசா வேண்டும். பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில்தான் பலருக்குக் குழப்பம். தென்னாப்பிரிக்கா அந்த நோய்ப் பட்டியலில் இல்லை. ஆனால் அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் மலிவு என்று போட்டு, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் போய் நின்று பயனில்லை.

மலேரியா வேறு விஷயம். க்ரூகர் மலேரியாப் பகுதி. மழைக்காலத்தில் ஆபத்து கூடுதல். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி வந்தபிறகும் நாலு வாரம் விழுங்க வேண்டும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

வண்டிக்கு வருவோம். அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம்; நமக்குக் கை தடுமாறாது. ஆங்கிலத்தில் அச்சான, புகைப்படம் உள்ள நம் உரிமம் செல்லும். சில வாடகை நிறுவனங்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்கும் என்பதால் வாங்கி வைப்பது நல்லது. ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை, இருக்கை உயரம்தான் தேவை. தாழ்ந்த ஹேட்ச்பேக்கில் உட்கார்ந்தால், அங்கே கோடையான நவம்பர் முதல் பிப்ரவரி வரை புல்லைத் தவிர எதுவும் தெரியாது. ஆட்டோமேட்டிக் கியர் எடுங்கள். காரணம் கீழே, யானையிடம் வரும்போது. வாடகைக்காரர் முன்பணத்தை கிரெடிட் கார்டில்தான் பிடித்துவைப்பார். டெபிட் கார்டோடு போனால் கவுண்டரிலேயே சிக்கல்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்4 நெடுஞ்சாலையில் பூங்காவின் தெற்கு நுழைவாயிலான மலலேன் கேட்டுக்கு நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும். விமானம் மதியம் இறங்கினால் அன்றே கிளம்பாதீர்கள், இருட்டில் அந்தச் சாலை வேண்டாம். மலலேனில் கேட்டுக்கு வெளியே சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, தண்ணீர், காய்கறி வாங்கிக்கொள்ளுங்கள். 1860-ல் மதராஸிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் நாடு, மசாலாத்தூளுக்குப் பஞ்சமில்லை. முகாம் கடைகளில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தேர்வு குறைவு. சமையல் வசதியுள்ள அறையாக எடுத்தால் கவலை விட்டது.

வாங்கும் அரிசியில் இரண்டு கிலோவை ஒரு துணிப்பையில் கட்டி ஜன்னல் விளிம்பில் வையுங்கள். கேமராவுக்கு அதைவிட நல்ல தாங்கி கிடையாது. எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் படம் கலங்கும். கடைசி நாள் அந்த அரிசியைப் பொங்கிவிடலாம்.

இனி தேடும் வித்தை. எச் என்று தொடங்கும் எண்கள் முக்கியச் சாலைகள், எஸ் என்பவை பெரும்பாலும் மண்சாலைகள். முகாம் கடையில் விற்கும் வரைபடப் புத்தகம் அவசியம். முகாமை விட்டு விலகினால் போன் சிக்னல் போய்விடும். சாபி ஆற்றோரம் போகும் எச்4-1 சிறுத்தைக்குப் பேர் போனது. சட்டாராவுக்குக் கிழக்கே எஸ்100 சிங்கத்துக்கு. கண்ணைத் தரையில் மட்டும் வைக்காமல் பெரிய மரங்களின் கிடைமட்டக் கிளைகளையும் பாருங்கள். சிறுத்தையின் வால்தான் முதலில் தெரியும். இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே திசையில் முறைத்துக்கொண்டு நின்றால் நிறுத்துங்கள். விடியற்காலையில் சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலங்களைக் கவனியுங்கள், கழுதைப்புலிகள் அதற்குள் குட்டி வளர்ப்பதுண்டு. சாலையில் கிடக்கும் யானைச் சாணத்தின் மேல் சக்கரத்தை ஏற்றாதீர்கள். சாண வண்டுகள் உள்ளே இருக்கும்.

வரவேற்பறையில் யார் எங்கே என்ன பார்த்தார்கள் என்று வண்ணக் காந்தம் ஒட்டிய பலகை இருக்கும். காண்டாமிருகம் மட்டும் அதில் இருக்காது, வேட்டைக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதால். நாமும் அதன் படத்தை இடக்குறிப்போடு போடாமல் இருப்பது நியாயம். பலகையை நம்பி ஓடுவதைவிட, லோயர் சாபியை ஒட்டிய சன்செட் அணையில் ஒரு மணி நேரம் எஞ்சினை அணைத்து உட்காருவது மேல். முதலைகள் காருக்குச் சில மீட்டர் தள்ளி வாயைப் பிளந்து கிடக்கும், நீர்யானை முதுகில் கொக்கு நிற்கும்.

யானை விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. தனியாக வரும் ஆண் யானையின் கன்னப்பொறியில் மதநீர் வடிந்து, பின்னங்கால்கள் சிறுநீரால் நனைந்திருந்தால் அது மதத்தில் இருக்கிறது. படம் எடுக்க நிற்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டே வைத்து, மெதுவாகப் பின்னால் எடுங்கள். அது நடந்துகொண்டே வரும்; நாம் அரைக் கிலோமீட்டர்கூடப் பின்வாங்க வேண்டியிருக்கும். பதற்றத்தில் கியர் மாற்றி வண்டி நின்றுபோவது அப்போதுதான். ஹாரன் கூடாது, பக்கத்தில் நுழைந்து கடக்கவும் கூடாது. கூட்டமாகக் கடக்கும்போது கடைசி யானை போய்விட்டது என்று நினைத்து நகராதீர்கள். புதருக்குள் பின்தங்கிய குட்டி இன்னும் ஒன்று இருக்கலாம். தாய் திரும்பி வரும்.

காரை விட்டு இறங்க முகாமிலும் பிக்னிக் இடங்களிலும் மட்டுமே அனுமதி. ஒலிஃபன்ட்ஸ் ஆற்றுப் பெரிய பாலத்தில் குறித்த கோடுகளுக்குள் இறங்கலாம், அது விதிவிலக்கு. கழிப்பறையை வைத்தே வழியைத் திட்டமிடுங்கள்: ஸ்குகூசாவுக்கும் லோயர் சாபிக்கும் நடுவில் ந்குஹ்லு, சட்டாரா போகும் வழியில் ட்ஷோக்வானே என்ற பிக்னிக் இடங்கள் உண்டு. இரண்டு இடத்திலும் வெர்வெட் குரங்கும் பபூனும் தட்டையே தூக்கிக்கொண்டு போகும். முகாம் வராந்தாவில் குளிர்பெட்டியைக் கூண்டுக்குள் வைத்தோ சுவர் பக்கம் திருப்பியோ வைத்திருப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். அதை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

இருட்டியபின் நாம் ஓட்ட முடியாது என்பதால், பூங்கா நடத்தும் இரவுச் சவாரி ஒன்றுக்காவது முன்பதிவு செய்யுங்கள். ஜூன், ஜூலையில் திறந்த வண்டியில் குளிர் எலும்பில் இறங்கும். ஸ்வெட்டர் போதாது, தொப்பி, கையுறை வேண்டும்.

நுழையும்போது தரும் அனுமதிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வெளியேறும் கேட்டில் அதைக் கேட்பார்கள், டிக்கியையும் திறக்கச் சொல்வார்கள். கோமாரி நோய்க் கட்டுப்பாடு இருப்பதால் பச்சை மாட்டிறைச்சி மீந்திருந்தால் அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.