மருமகளோ மருமகனோ வரப்போகும் அறை

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

வளைகாப்பு முடிந்து 20ஆம் தேதி அக்கா வீட்டுக்கு வருகிறாள். தலைப்பிரசவம், தாய்வீட்டில்தான். மே கடைசி வாரம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் காற்று வரும் அறை என்னுடையது. அதைக் காலி செய்துவிட்டேன், எனக்குக் கூடம் போதும். சீட்டு எடுத்த பணத்தில் வளைகாப்புச் செலவு போக 3,500 ரூபாய் மிச்சம். அறைக்கு அவ்வளவுதான்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "சுவத்துக்குச் செய், ஜன்னலுக்குச் செய். புள்ளைக்குன்னு ஒரு ஊசி கூடப் புதுசா வாங்காதே. அது பொறந்து அழட்டும், அப்புறம் வாங்கலாம்." தொட்டிலும் பொம்மையும் பற்றி யோசித்து வைத்திருந்தேன். கேட்டதும் கொஞ்சம் வாடித்தான் போனேன். இரவு படுத்து யோசித்தால், எங்கள் கைக்கு ஏற்ற வழியே அதுதான் என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 8

கிழக்குச் சுவர் முட்டி உயரத்துக்கு உப்பு பூத்துக் கிடக்கிறது. விரலால் தடவினால் மாவாகக் கொட்டுகிறது. கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரைப் பக்கம் இப்படிச் சுவர் இல்லாத வீடு குறைவு. போன நவம்பர் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊறியதில், மேலே அடித்திருந்த பிளாஸ்டிக் பெயின்ட் தோலாக உரிந்து தொங்குகிறது. பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று கடைக்காரர் போட்ட கணக்கு 6,000ஐத் தாண்டியது.

கொத்தனார் அண்ணன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஈரம் உள்ளே இருக்கு தம்பி. மேல பிளாஸ்டிக்கால மூடினா அடுத்த மழைக்கு மறுபடி கொப்புளிக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிச்சிடு. ஈரம் அது வழியா வெளிய போயிடும்." பத்து கிலோ 280 ரூபாய். சுண்ணாம்பு அடிக்கிற மட்டை இரண்டு 120.

ஏப்ரல் 11

பழைய பெயின்ட்டைச் சுரண்டவே இரண்டு நாள் ஆனது. அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது. நேற்று மாலை அண்டாவில் கிளிஞ்சலைப் போட்டுத் தண்ணீர் விட்டோம். சோறு கொதிப்பதைப் போல் கொதித்து ஆவி கிளம்பியது. கண்ணில் தெறித்தால் பார்வையே போகும் என்று அம்மா என்னைக் கண்ணாடி போட வைத்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பினாள். காலையில் பழைய வேட்டித் துண்டில் வடிகட்டி, வடிகஞ்சி கலந்து, ஒரு சிட்டிகை நீலம் போட்டோம்.

சுவரை நனைத்துவிட்டு அடித்தேன். அடித்தபோது ஒன்றுமே தெரியவில்லை, வெறும் தண்ணீர் அடித்தாற்போல் இருந்தது. காசு வீண் என்றே நினைத்தேன். மதியம் சாப்பிட்டு வந்து பார்க்கிறேன், சுவர் வெளுத்து நிற்கிறது! காயக் காயக் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் திரும்பவும் சுண்ணாம்புக்கல்லாக இறுகுமாம். இன்னும் இரண்டு கை அடிக்க வேண்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போய் வந்தேன். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஜன்னலுக்கு வெளிர்மஞ்சள் பருத்திக் கட்பீஸ், பேரம் பேசி 300. கொசு வராமல் ஜன்னலுக்கு நைலான் வலை, ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டையோடு 640. இதில் மட்டும் நான் கை இறுக்கவில்லை.

ஜன்னல் கதவின் பச்சை எனாமல் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அடித்தது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். இது அதற்கு வெகுகாலம் முந்தியது. குழந்தைகள் எட்டுவதையெல்லாம் வாயில் வைக்கும். உலர்வாகத் தேய்த்தால் தூசி பறக்கும் என்று தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, வழிந்ததைத் தாளில் வாரிக் கட்டி, மேலே ஈயமில்லாத பெயின்ட் அடித்தேன். அக்கா வர ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் வாடை போய்விடும்.

ஏப்ரல் 16

அறையின் கூரைத் தளத்தில் ஒரு இரும்பு வளையம் உண்டு. அக்காவும் நானும் ஏணையில் தூங்கியது அதில்தான். அதே வளையத்தில் அவள் பிள்ளையும் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே இருந்தேன். கொத்தனார் அண்ணன் உளியால் சுற்றிக் கொத்திப் பார்த்தார். வெளியே விரல் கனம், உள்ளே துரு தின்று ஈர்க்குச்சியாக இளைத்திருந்தது. உப்புக்காற்று. துருப் பிடித்த கம்பி உப்பிச் சுற்றியுள்ள காரையையே பிளந்திருக்கிறது. "இதுல ஒரு துணிமூட்டை கூட மாட்டாதே" என்று அறுத்துக் கையில் கொடுத்தார். அதைத் தூக்கிப் போட மனமில்லை, அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஏணை இனித் தாழ்வாரத்தில்தான். அங்கே பனை உத்தரம் உறுதியாக இருக்கிறது. கயிறு கட்டி 25 கிலோ அரிசி மூட்டையை ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டோம். அசையவில்லை. கழுத்து மடங்காமல் துணியை விரித்துப் பிடிக்க ஒரு கட்டையும் தயார். தூங்கியதும் எடுத்துப் பாயில் மல்லாக்கப் போட வேண்டும், பக்கத்தில் தலையணையோ பொம்மையோ கூடாது என்று நர்ஸ் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அறைக்குப் பாய் போதும்.

ஏப்ரல் 18

அப்பாவின் மல் வேட்டிகள் ஆறு, நான்கு வருஷமாகப் பெட்டியில் இருந்தன. அம்மா இன்று அவற்றை வெந்நீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, இடுப்புத்துணிகளாகக் கிழித்தாள். கிழிக்கும் சத்தம் கேட்டுக் கொல்லைக்குப் போனேன். ஒன்றும் பேசாமல் அடுத்த வேட்டியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

ஏப்ரல் 19

பிறந்த குழந்தைக்கு 20, 30 செ.மீ. தூரம்தான் தெளிவாகத் தெரியும். மார்போடு அணைத்திருக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம். நிறங்கள் பிடிபட மாதங்கள் ஆகும், கறுப்பு வெள்ளைதான் முதலில் கண்ணை இழுக்கும். அப்படியானால் வாத்துப் படமும் வானவில் ஸ்டிக்கரும் எதற்கு? கறுப்பு சார்ட் மூன்று வாங்கி வந்து, "கோலம் போடும்மா" என்றேன்.

அம்மா அரிசிமாவைக் கரைத்து ஐந்து புள்ளிச் சிக்குக்கோலம் போட்டாள். விடிந்து பார்த்தால் கோலத்தின் மேல் இன்னொரு கோலமாக எறும்பு வரிசை. வெள்ளை போஸ்டர் கலரில் மறுபடி போட்டாள். விரலுக்குப் பழகிய மாவு இல்லை, பிரஷ். முதல் சார்ட்டில் கோடு நடுங்கியிருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

வந்துவிட்டாள். வாசற்படியில் நின்று அறையைப் பார்த்தவள், உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "குளுகுளுன்னு இருக்குடா." மாமா ஜன்னல் வலையை இரண்டு முறை பிரித்து ஒட்டிப் பார்த்தார்.

மே 6

அக்னி நட்சத்திரம். மீந்த சுண்ணாம்பை மொட்டைமாடியில் அடித்தாயிற்று. இரவில் அறையின் வெக்கை குறைந்திருக்கிறது.

மே 27

பெண். என் மருமகள்!

ஜூன் 17

மூன்று வாரம். இப்போதெல்லாம் மாலையில் கொஞ்சநேரம் விழித்துக் கிடக்கிறாள். பாய்க்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளிச் சார்ட்டைச் சாய்த்து வைத்தேன். கண் அங்கேயும் இங்கேயும் அலைந்து, கோலத்தில் நின்றது. நின்றேவிட்டது. எண்ணிக்கொண்டிருந்தேன், இருபது வரை எண்ணினேன்.

அப்போது அம்மா குனிந்து துணி மாற்ற வந்தாள். பார்வை கோலத்தை விட்டு அவள் மூக்குத்திக்குப் போய்விட்டது. அம்மா குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள்.

மிச்சம் 800 சொச்சம். நாளைக்குக் கிலுகிலுப்பை வாங்கப் போகிறேன்.