மண்டபக்காரி சான்றிதழ் எடுத்த கதை

மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தின் முகாமையாளராக இருக்கிறேன். கலியாணம், சாமத்தியச் சடங்கு, பாடசாலைப் பரிசளிப்பு, கூத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் எங்களிடம் நடக்கும். இந்த வேலைக்கும் ஒரு சோதனை இருக்கிறது, அதைப் பாஸ் பண்ணினேன் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள். "கதிரை அடுக்கவும் சேர்ட்டிபிகேட்டா?" என்று கேட்டவர் என் சொந்தச் சித்தப்பா.

அமெரிக்காவில் 1924இல் தொடங்கிய சங்கம் ஒன்று இருக்கிறது. இன்று அதன் பெயர் ஐ.ஏ.வி.எம். விளையாட்டரங்கு, மாநாட்டு மண்டபம், நாடக அரங்கு போன்ற பொது இடங்களை நடத்துகிறவர்களின் சங்கம். அவர்கள் கொடுக்கும் பெரிய தகுதிக்கு சி.வி.ஈ. என்று பெயர். முதலில் அனுபவம், படிப்பு, துறைக்குச் செய்த சேவை எல்லாவற்றையும் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். பிறகு எழுத்துப் பரீட்சை, கட்டுரை, கடைசியில் நேர்முகம். டோஹாவில் மாநாட்டு மண்டபமொன்றில் வேலை செய்த என் தம்பிதான் முதலில் சொன்னான். அவன் ஆரம்பிக்கவேயில்லை, நான் மாட்டிக்கொண்டேன்.

விண்ணப்பம்தான் ஆளைக் கொல்லும். என் நியமனக் கடிதத்தில் 'மண்டபப் பொறுப்பாளர்' என்று ஒரு வரி மட்டும்தான். அதை வாசிக்கும் வெளிநாட்டுக்காரருக்கு நான் திறப்புக்கோர்வை வைத்திருக்கும் காவலாளி. முற்பணம் வாங்கி, நாள் குறித்து, கணக்கு எழுதி, பொடியன்களுக்குச் சம்பளம் போட்டு, ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, ஜெனரேற்றருக்கு டீசல் அடித்து, சமையல்காரரோடு சண்டை பிடிப்பதும் இதே ஆள்தான் என்று ஆதாரத்தோடு எழுத வேண்டியிருந்தது. 2021இல் தொடங்கினேன். அடுத்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிப் போனது. கட்டணம் டொலரில். எங்களுக்கோ டீசலும் இல்லை, கலியாணமும் இல்லை. கோப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நிலைமை கொஞ்சம் தெளிந்த பிறகுதான் எடுத்தேன்.

படிப்பதில் பாதி நமக்கு அந்நியம். வாகனத் தரிப்பிடக் கட்டணம், பியர் விற்பனை, மண்டபத்துக்குத் தன் பெயரைச் சூட்டும் உரிமையைக் கம்பனிக்கு விற்பது என்று வருமான வழிகள் பக்கம் பக்கமாக வரும். இங்கே கலியாணத்துக்கு வந்தவரிடம் மோட்டார் சைக்கிள் நிறுத்தக் காசு கேட்டால் அடுத்த கலியாணம் நமக்கு வராது. எங்கள் கவலை வேறு: ஆடியும் மார்கழியும். இந்த இரண்டு மாதமும் முகூர்த்தம் இல்லை, மின்சாரக் கட்டணம் மட்டும் தவறாமல் வரும். அந்த நாட்களைப் பயிற்சிப் பட்டறைகளுக்கும் நடனப் போட்டிகளுக்கும் குறைந்த வாடகையில் கொடுக்கும் பழக்கத்தை அதற்கு முன்பே வைத்திருந்தேன். புத்தகத்தில் அதற்கு ஒரு அத்தியாயமே இருந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் பாதுகாப்புப் பகுதி என்னைப் பிடித்து உலுக்கியது. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிப்படி, மேசை கதிரை போட்டால் ஆளுக்குப் பதினைந்து சதுர அடி வேண்டும். கதிரை மட்டும் நெருக்கமாகப் போட்டால் ஏழு. 250 பேருக்கு ஒருவர், கூட்டத்தைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவராக நிற்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை பொடியன்களைக் கூட்டிக்கொண்டு நாடாவால் அளந்தேன். மேடையைத் தவிர்த்து நீளம் 90 அடி, அகலம் 50. அதாவது 4500 சதுர அடி. மேசை போட்டால் 300 பேர், வெறும் கதிரை என்றால் 640 சொச்சம். வாசல் பலகையில் நாங்கள் எழுதியிருந்தது '800 பேர் அமரலாம்'.

முதலாளி ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "தங்கச்சி, இருபது வருசமா எண்ணூறு பேர் வந்துதானே போறாங்க" என்றார். அதுவும் உண்மை. எப்படி என்று யோசித்தபோதுதான் விளங்கியது: எண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பதில்லை. ஒரு பந்தி சாப்பிட, இன்னொரு கூட்டம் மேடைக்கு முன்னால் இருக்கும், மற்றவர்கள் முற்றத்தில் வெற்றிலைத் தட்டோடு நின்று கதைப்பார்கள். நம் பெரியவர்கள் பந்தி வைத்ததில் அந்த விதி தானாகவே நடந்திருக்கிறது. புஃபே வந்த பிறகுதான் எல்லோரும் ஒரே வேளையில் ஒரே பக்கம் பாய்கிறார்கள். என் கட்டுரையில் இதைத்தான் எழுதினேன்.

அடுத்த சண்டை பின்கதவு. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதி எரிந்து நூறு பேர் இறந்தார்கள். வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலானோர் உள்ளே வந்த வாசலுக்கே ஓடி அங்கே நெரிபட்டார்கள். எங்கள் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டு, திறப்பு அலுவலக லாச்சியில். ஐயாவின் நியாயம்: திறந்திருந்தால் கதிரை களவு போகும். ஒரு வெல்டிங் பட்டறைப் பொடியனைப் பிடித்து, உள்ளிருந்து நெஞ்சால் தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காத ஒரு குறுக்குக் கம்பி செய்வித்தேன். படம் காட்டியதும் அவன் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு இரண்டு நாளில் முடித்தான். இன்றுவரை ஒரு கதிரையும் போகவில்லை.

வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். ஊருக்கு நல்ல நாள் என்றால் எனக்கு வேலை நாள். அண்ணன் மகளின் சடங்குக்கு நான் தலைகாட்டியது ஆலாத்தி முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கலைகிற நேரத்தில். அம்மா சொன்னா, "ஊரான் வீட்டுக் கலியாணம் எல்லாத்திலயும் நிக்கிறாய் மனே, நம்மட கலியாணத்திலதான் உன்னைக் காணல்ல." பதில் இல்லை. படித்ததெல்லாம் மண்டபம் கழுவி முடிந்த பிறகு, இரவு பதினொரு மணிக்கு மேல். கணவர் கணித ஆசிரியர். இருப்புநிலைக் கணக்கு, தேய்மானம் எல்லாம் அவர்தான் சொல்லித் தந்தார். மகன் கேள்வித்தாள்காரன்: ஆங்கிலத்தில் கேள்வியை வாசித்துவிட்டு நான் பிழை விட்டால் குதிப்பான்.

நேர்முகம் இணையவழி. சங்கம் இருக்கும் டெக்சாசில் காலை ஒன்பது, இங்கே இரவு ஏழரை. வைகாசி மாதம், கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற நேரம். கோயில் ஹோன் நேராக எங்கள் யன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தது. கணவர் போய்க் கெஞ்சி அதை வாவிப் பக்கம் திருப்பிவிட்டு வந்தார். பறைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அது என்னவென்று நேர்முகம் செய்தவர்கள் கேட்க, விளக்கம் சொன்னதில் என் பதற்றம் பாதி போய்விட்டது.

ஒரு கேள்வி, மண்டபம் திடீரென அகதி முகாமானால் என்ன செய்வீர்கள் என்பது. 2005 கத்ரீனா புயலில் நியூ ஓர்லியன்ஸ் சூப்பர்டோம் பட்ட பாட்டுக்குப் பிறகு, பெரிய அரங்குகளைத் தஞ்ச இடமாக்குவது பற்றி அந்தச் சங்கம் ஒரு கைநூலே எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. 1978 புயலைப் பற்றி அம்மா சொல்லி வளர்ந்தவள் நான். 2004 சுனாமிக்குப் பிறகு நாங்களே ஒரு பாடசாலை வகுப்பறையில் படுத்திருக்கிறோம். 2011 வெள்ளத்தில் உதவிக்கு நின்றிருக்கிறேன். ஆகவே சொன்னேன்: பாயும் போர்வையும் யாராவது கொண்டுவந்துவிடுவார்கள், முதலில் கழிப்பறையையும் தண்ணீரையும் பாருங்கள். கழிப்பறைக்குப் போகும் பாதையில் விளக்கு இல்லாவிட்டால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். சனத்தை ஊர் ஊராக இருக்க விடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை தொலையாது. கிராம சேவகர் பட்டியல் எடுக்கும்வரை சமையலைத் தொடங்காமல் இருக்க வேண்டாம், கலியாண மண்டபத்தில் கிடாரத்துக்கா பஞ்சம்? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இணைப்புத்தான் அறுந்துபோனதோ என்று திரையைத் தட்டிப் பார்த்தேன்.

சான்றிதழ் வந்தது. சம்பளம் கூடவில்லை. காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் டொலர்தான். வாசல் பலகை மட்டும் மாறியிருக்கிறது: 'மேசையுடன் 300, கதிரையுடன் 600'. அதைப் பார்த்துவிட்டு இரண்டு பெரிய வீட்டுக் கலியாணம் வேறு மண்டபத்துக்குப் போயின. ஐயா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அரசியல் கூட்டக்காரர் "இன்னும் நூறு கதிரை போடுங்க" என்று நின்றால் முன்பு தயங்குவேன். இப்போது பலகையைக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

யாராவது முயலப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் முன்பு வேலை செய்த இடங்களிலிருந்து கடிதங்களை இப்போதே வாங்கி வையுங்கள், திகதி, பதவி, செய்த வேலை எல்லாம் விபரமாக. என் பழைய மேலதிகாரி கனடாவுக்குப் போய்விட்டார். அவருடைய ஒரு கையெழுத்துக்காக நான் காத்திருந்த காலத்தில் எழுத்துப் பரீட்சைக்கு இரண்டு தரம் படித்து முடித்திருக்கலாம்.