பூட்டிய வீடுகளையும் எண்ண வேண்டும்

2022 பிப்ரவரி கடைசியில் ஒரு தோள்பையும், கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையும், ஒரு செல்போனும், கட்டுக்கட்டாகப் படிவங்களும் என் கைக்கு வந்தன. அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் மேயோ கவுன்ட்டியில் பத்து வார வேலை. ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு யார் யார் எந்தக் கூரையின் கீழ் இருந்தார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். முந்தைய ஆண்டே நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போயிருந்தது.

என் கணவர் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். நாங்கள் வந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, குடியுரிமையும் வாங்கிவிட்டோம். ஆனாலும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தயங்கினேன். சின்ன ஊர்களில், தனித்தனியாக நிற்கும் வீடுகளில், என்னைப் போன்ற ஒருத்தி போய்க் கதவைத் தட்டினால் திறப்பார்களா என்று பயம். திறந்தார்கள். முக்கால்வாசிப் பேர் மழையில் நிற்காதே, உள்ளே வா என்றார்கள். முதல் வாரம் முடிவதற்குள் ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்காமல் இருப்பது எப்படி என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

படிவத்தில் இருப்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் வேலையில் சேர்ந்தேன். அதனால் இங்கே ஊர்களின் பெயரைச் சொல்லவில்லை, ஆட்களின் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன். வாசலிலும் அடுப்படியிலும் பேசிய பேச்சு மட்டும்தான் இது.

வீட்டைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கதவு எண் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. ஒரே ஊரில் எட்டு வீட்டுக்கு ஒரே குடும்பப் பெயர் இருக்கும். 2015-க்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு ஏழு எழுத்து எண் கொண்ட அஞ்சல் குறியீடு வந்தது. அதுவரை தபால்காரருக்கு மனப்பாடம்தான் முகவரி.

அதைவிடப் பெரிய வேலை ஆள் இல்லாத வீடு. அதையும் எண்ணியாக வேண்டும், எந்த வகை என்றும் குறிக்க வேண்டும். கோடையில் மட்டும் வந்து தங்கும் வீடா, ஆள் தற்காலிகமாக வெளியே போன வீடா, இல்லை காலி வீடா? ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்துவிட முடியாது. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், சனிக்கிழமை ஒரு தரம். புல் வெட்டியிருக்கிறதா, புகைபோக்கியில் காக்கை கூடு கட்டியிருக்கிறதா, கேட்டில் போட்ட சங்கிலி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் பழகிவிட்டேன். அந்தக் கணக்கெடுப்பு முடிந்தபோது, விடுமுறை வீடுகளை நீக்கிவிட்டு நாடு முழுவதும் காலி வீடுகள் 1,66,752 என்று வந்தது. அந்த எண்ணில் என் கைக்குறியும் சில டஜன் உண்டு.

கூரை போன வீடு கணக்கில் வராது. குடியிருக்க முடியாததை எண்ண வேண்டாம் என்பது விதி. விதி சரிதான். ஆனால் மேயோவில் காரில் அரைமணி நேரம் போனால், எண்ண வேண்டிய வீடுகளைவிட எண்ண வேண்டாத சுவர்கள்தான் கண்ணில் படும். வயலுக்கு நடுவில் இடுப்புயரக் கல்சுவர், உள்ளே ஒரு முள்மரம், பக்கத்தில் ஆடு. அக்கில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் அப்படி எண்பது, நூறு வீடுகள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றில்கூடக் கூரை இல்லை. சாய்வெயில் அடிக்கும் நேரத்தில் அந்தச் சரிவைப் பார்த்தால் புல்லுக்கு அடியில் பாத்தி பாத்தியாக மேடும் பள்ளமும் தெரியும். உருளைக்கிழங்கு போட்ட பாத்திகள். அதற்குப் பிறகு யாரும் அங்கே உழவில்லை என்பதால் அப்படியே கிடக்கின்றன. நான் அதில் ஏறி நின்றிருக்கிறேன். பாத்தியின் அகலம் ஓர் ஆள் படுக்கும் அகலம்தான்.

எண்களைச் சொல்லாமல் இது விளங்காது. 1841-இல் அயர்லாந்துத் தீவு முழுவதும் சேர்த்து 81 லட்சத்து 75 ஆயிரம் பேர். வட அயர்லாந்தை விட்டுவிட்டு, இன்றைய அயர்லாந்துக் குடியரசின் எல்லைக்குள் மட்டும் 65 லட்சத்துக்கு மேல். 1845-இல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதைத் தவிர வேறு சாப்பாடே இல்லை. சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். வாடகை கட்டாதவர்களை நிலச்சொந்தக்காரர்கள் வெளியே தள்ளிக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். 1847-இல் வந்த சட்டம், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்றது. கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விடு என்பதுதான் அதன் பொருள். மேயோவில் 1841-இல் 3,88,887 பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அந்த நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து இறுக்கிப் பிடித்து நடத்திய அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். இங்கே அந்தப் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு வீட்டில் நான் சென்னை வழியாக வந்தவள் என்று சொன்னதும், அந்த வீட்டம்மா டிரெவெல்யன் உங்கள் ஊருக்கும் வந்தானே என்றார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் அவரேதான். பழைய மூர் மார்க்கெட் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் போட்ட திட்டம். இரண்டு ஊரிலும் வாழ்ந்துவிட்டு, இந்த ஒரு ஆளைத் தெரியாமல் இருந்தேனே என்று எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஆனால் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது பஞ்சம் அல்ல, பஞ்சத்துக்குப் பிறகு நடந்தது. பஞ்சம் முடிந்தால் ஜனத்தொகை மெல்ல மீண்டு ஏற வேண்டும். இங்கே ஏறவில்லை. இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் இறங்கிக்கொண்டே போனது. 1961-இல் குடியரசில் எண்ணிப் பார்த்தபோது 28 லட்சத்து 18 ஆயிரம் பேர். அதுதான் அடிமட்டம். பிள்ளை பிறக்காமலா? இல்லை. 1960-களில்கூட ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கு குழந்தைகள்.

அதற்கு விடை எனக்கு ஒரு அடுப்படியில் கிடைத்தது. எண்பது தாண்டிய பெரியவர், தனி ஆள். படிவத்தைக் கொடுக்கப் போனபோது, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி அடுப்பில் கனன்றுகொண்டிருந்தது. எத்தனை பேருக்குப் படிவம் வேண்டும் என்று கேட்டேன்.

“இப்போ நான் ஒருத்தன்தான். நாங்க பதினோரு பேர்.”

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் விரல்விட்டு எண்ணினார். பாஸ்டனில் மூன்று பேர், மான்செஸ்டரில் இரண்டு பேர், பர்மிங்காமில் ஒரு தங்கை, கன்னியாஸ்திரீயாகப் போன அக்கா, குழந்தையிலேயே இறந்த ஒன்று, இப்படியே. பிறகு மற்ற வீடுகளிலும் கவனித்தேன். வயதானவர்களிடம் ஆள் எண்ணிக்கை கேட்டால் இரண்டு எண் வரும். இப்போது எத்தனை, அப்போது எத்தனை.

“நிலத்தைப் பிரிக்கிறதில்லை” என்றார் அவர். பஞ்சத்துக்கு முன்னால் அப்பன் நிலத்தைப் பிள்ளைகளுக்குள் துண்டு போட்டுக் கொடுத்தான். அரை ஏக்கரில் கிழங்கு போட்டு இருபது வயதில் கல்யாணம் செய்துகொள்ளலாம். அந்தத் துண்டு நிலத்தில்தான் எல்லாரும் செத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு நிலத்தைப் பிரிக்கவே இல்லை. ஒரு மகனுக்கு நிலம், ஒரு மகளுக்குச் சீதனம், மற்றவர்களுக்குக் கப்பல் டிக்கெட். நிலம் கிடைத்த மகனும் அப்பா கைமாற்றிக் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். நாற்பது வயதாகிவிடும், பெண் கிடைக்காது. இவர் காத்திருந்து பெண் கிடைக்காமல் போனவர். முன்னால் போன அக்கா சம்பாதித்து அடுத்த தங்கைக்கு டிக்கெட் அனுப்புவாள். கிளம்பும் முதல்நாள் ராத்திரி ஊரே கூடி விடியவிடியக் கண்விழிக்கும். பாட்டு, ஆட்டம், நடுநடுவே ஒப்பாரி. அமெரிக்க இழவு என்றே அதற்குப் பெயர். உயிரோடு இருக்கிறவர்களுக்கு இழவு எடுத்ததன் காரணம், மறுபடி பார்க்கப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததுதான்.

ஆக, பஞ்சம் ஒரு தரம் வந்து போனது. அது சொல்லிக்கொடுத்த ஏற்பாடு நூறு ஆண்டு நின்றது. பசி இல்லாத காலத்திலும் வீட்டுக்கு ஐந்து பேர், ஆறு பேர் கிளம்பியாக வேண்டும் என்பது குடும்பக் கணக்காகிவிட்டது. 1950-களில் மட்டும் நான்கு லட்சம் பேர் போனார்கள். அந்தப் பத்தாண்டில் போனவர்களில் நாலு பேர் இவருடைய கூடப்பிறந்தவர்கள்.

அன்று ராத்திரி தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் அந்த ஊரை 1911-இல் தேடினேன். 1901, 1911 படிவங்கள்தான் முழுசாக மிஞ்சியவை. அதற்கு முந்தியவற்றில் சில அரசே அழித்தவை, சில முதல் உலகப்போரில் காகிதக்கூழானவை, மிகப் பழையவை 1922-இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலானவை. 1911-இல் கணக்கெடுத்தவர்கள் போலீஸ்காரர்கள். சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். கல்யாணமான பெண்களுக்கு ஒரு கட்டம். உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவை எத்தனை? ஒரு வரிசையில் 12, 9 என்று இருந்தது. படிவத்தில் பெயர் இருந்த பிள்ளைகள் நான்கு. உயிரோடு இருக்கும் மற்ற ஐந்து பேர் எங்கே என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

என் படிவத்திலும் இல்லை. அன்று இரவு வீட்டில் இருந்தவர்களைத்தான் எழுத வேண்டும். அந்த வீட்டிலேயே குடியிருந்து தற்காலிகமாக வெளியே போனவர்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. சிட்னியில் நிரந்தரமாக வேலை பார்க்கும் மகனுக்கு அதிலும் இடம் கிடையாது. ஓர் அம்மா என்னிடம் இதற்காக வாதாடினார். “அவன் ரூம் அப்படியே இருக்கு, நான் விளக்கித் துடைச்சு வச்சிருக்கேன்.” விதியைச் சொன்னேன். சொல்லும்போது என் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஊரில் எங்கள் வீட்டிலும் எனக்கு ஓர் அலமாரி அப்படியே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் இருக்கிறதே, அங்கே எழுதுங்கள் என்றேன். அந்தக் கணக்கெடுப்பில் புதிதாக வைத்த இடம் அது. எதை வேண்டுமானாலும் எழுதலாம், நூறு ஆண்டு மூடி வைத்திருந்து 2122-இல்தான் திறப்பார்கள். பேனாவை வாங்கிக்கொண்டு அவர் உடனே உட்கார்ந்துவிட்டார்.

இதே வேலையில் எதிர்ப்பக்கத்தையும் பார்த்தேன். மார்ச் மாதம் ஹோட்டல்களில் உக்ரைன் தாய்மார்கள் பிள்ளைகளோடு வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களும் ஏப்ரல் 3 இரவு இந்தக் கூரையின் கீழ்தான், எண்ணத்தான் வேண்டும். பாலிஹானிஸ் என்று மேயோவிலேயே ஒரு சிறு ஊர் இருக்கிறது. 1970-களில் அங்கே ஹலால் இறைச்சித் தொழிற்சாலை வந்தது, 1987-இல் பள்ளிவாசல் கட்டினார்கள். 2016 கணக்கில் அங்கே கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் அயர்லாந்துக் குடியுரிமை இல்லாதவர்கள். ஆள் இல்லாமல் மூடியிருக்க வேண்டிய வகுப்பறைகள் இப்படி வெளியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளால் ஓடுகின்றன.

நாட்டின் மொத்தக் கணக்கு பிறகு வந்தது. 51 லட்சத்து 49 ஆயிரம். 1851-க்குப் பிறகு முதல் முறையாக ஐம்பது லட்சத்தைத் தாண்டியது என்று எல்லாச் செய்தியிலும் சொன்னார்கள். முந்தைய ஆறு ஆண்டில் கூடியதில் ஏறக்குறைய பாதி பிறப்பால், பாதி வெளியிலிருந்து வந்தவர்களால். இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் 45 ஆயிரம். இப்போது இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி ஒன்றரைக் குழந்தைதான். வீடு நிறையப் பிள்ளைகள் பிறந்த நூறு ஆண்டு சுருங்கிய நாடு, பிள்ளை குறைந்த காலத்தில் பெருகுகிறது. மேயோ 1971-இல் 1,09,525-க்கு இறங்கி, இப்போது 1,37,970-க்கு வந்திருக்கிறது. 1841-இல் இருந்ததில் பாதிகூட இல்லை. வெளியூர்க்காரர்களால் நாடு நிரம்பி வழிகிறது என்று யாராவது என் காதுபடப் பேசினால், எனக்கு அந்த மலைச்சரிவுப் பாத்திகள்தான் கண்முன் வரும். கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

ஏப்ரல் நடுவில் அந்தப் பெரியவரிடம் படிவம் வாங்கப் போனேன். அவர் வீட்டுக்கு எதிரே ஒரு வீடு. ஓடு எல்லாம் நன்றாக இருந்தது, ஜன்னலில் திரைகூட இருந்தது. மூன்று தடவை தட்டியும் ஆள் இல்லை. அவரிடம் கேட்டேன். சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றார். பாஸ்டன் அண்ணன் திரும்பி வந்து இருக்கப்போவதாகச் சொல்லி 1980-களில் கட்டியது. ஈரம் பிடிக்காமல் இருக்க இவர் வாரம் ஒருதரம் போய் அடுப்பைப் பற்ற வைக்கிறார். அண்ணன் இறந்து ஒன்பது ஆண்டாயிற்று.

“என்னன்னு எழுதப்போறே?”

காலி வீடு என்றுதான் எழுத வேண்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் படிவத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். கை நடுங்குகிறது, நான் சொல்கிறேன், நீ எழுது என்றார். அவருடைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்து எழுதினேன். கட்டம் போதவில்லை, ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது. சில பெயர்களுக்கு எழுத்துக்கூட்டிச் சொன்னார், அயர்லாந்து மொழிப் பெயர்கள். முடித்ததும் ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். தலையசைத்துவிட்டு எழுந்துபோய் அடுப்பில் இன்னொரு மண்கட்டியை வைத்தார்.

அவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. 2122 வரைக்கும் அது மூடித்தான் இருக்கும்.